தேசிய சாலைப் பாதுகாப்புத் திட்டம் எழுதுகிறோம்: இலக்கை எப்படி வைப்பது, எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வரைவுக்குழு உறுப்பினர்

வணக்கம். தேசிய சாலைப் பாதுகாப்புத் திட்டத்தைப் புதிதாக எழுதும் குழுவில் நான் இருக்கிறேன். புள்ளியியல் படித்தவள் என்பதால் எண்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னிடம் வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, வரைவின் அடிப்படையிலேயே ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது.

நெடுஞ்சாலை, காவல், சுகாதாரம், கல்வி, போக்குவரத்து என்று ஒவ்வொரு துறையும் தான் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைகளைப் பட்டியல் போட்டு அனுப்பியது. எல்லாவற்றையும் ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கி வரைவு என்று சொல்கிறார்கள். பாதிக்கு மேல் விழிப்புணர்வு வாரம், பேரணி, ஓவியப் போட்டி. இலக்கு ஒரே ஒரு வரி: பத்து ஆண்டில் உயிரிழப்பைப் பாதியாகக் குறைப்போம். 2021–2030 செயல்பாட்டுப் பத்தாண்டுக்கு ஐ.நா. வைத்த இலக்கும் அதுதான் என்பதால் குழுவில் யாரும் அதைத் தொடவில்லை.

என் கேள்விகள்:

'பாதி' என்பதை எப்படி நம்பும்படியாக ஆக்குவது? எந்த வேலையால் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட முடியுமா?

காவல் துறை தரும் இறப்பு எண்ணிக்கையும் மருத்துவமனைகள் தருவதும் பொருந்தவே இல்லை. மருத்துவமனைக் கணக்கு கூடுதலாக இருக்கிறது. எதை அடிப்படையாக எடுப்பது?

விழிப்புணர்வுதான் முதன்மை என்று நினைக்கும் குழுவிடம் எப்படிப் பேசுவது? அவர்கள் அக்கறை இல்லாதவர்கள் அல்ல. உண்மையிலேயே அதுதான் வழி என்று நம்புகிறார்கள்.

பதில்: சாலைத் தணிக்கையாளர்

வணக்கம் அம்மா. சாலை வடிவமைப்புகளைப் பாதுகாப்புக் கோணத்தில் தணிக்கை செய்வதுதான் பணிக்காலத்தின் பெரும்பகுதி எனக்கு வேலை. உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதில் தெளிவு வந்தால்தான் மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல முடியும்.

விழிப்புணர்வை முதலில் வைக்கும் திட்டத்துக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது: மனிதர்கள் திருந்தினால் விபத்து நிற்கும் என்பது. சாலையில் யாரும் இறக்கவோ பலத்த காயமடையவோ கூடாது என்ற 'விஷன் ஜீரோ' கொள்கையை ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-இல் ஏற்றபோது இதைத்தான் தலைகீழாக்கியது. மனிதர் தவறு செய்யத்தான் செய்வார், அந்தத் தவறுக்கு உயிர் விலையாகாதபடி சாலையையும் வண்டியையும் வேகத்தையும் அமைப்பது அமைப்பை நடத்துபவர்களின் கடமை என்றது. உங்கள் வரைவின் முதல் பக்கத்தில் இந்த ஒரு வாக்கியம் ஏறிவிட்டால் மீதி அத்தியாயங்களின் வரிசை தானாக மாறும்.

குழுவிடம் பேச உங்களுக்கு உடல் தாங்கும் எல்லை உதவும். காரில் அடிபடும் பாதசாரி பிழைக்க நல்ல வாய்ப்பு இருப்பது சுமார் 30 கி.மீ. வேகம் வரை. பக்கவாட்டில் மோதினால், நல்ல காருக்குள் இருப்பவருக்கு 50. நேருக்கு நேர் மோதினால் 70. விஷன் ஜீரோவை உருவாக்கியவர்களில் ஒருவரான கிளாஸ் டிங்வால் போன்றவர்கள் இந்த எண்களை வைத்துத்தான் வேக வரம்பையே வாதிட்டார்கள். பாதசாரியும் வண்டியும் கலக்கும் இடம் 30; குறுக்குச் சந்திப்பு உள்ள இடம் 50; நடுவில் தடுப்பு இல்லாத சாலை 70. அதற்கு மேல் வேகம் வேண்டுமா? நடைபாதை கட்டு, ரவுண்டானா வை, நடுத்தடுப்பு போடு. இந்தப் பேரத்தை எழுத்தில் கொண்டுவருவதுதான் தேசியத் திட்டத்தின் வேலை.

இன்னொரு கணக்கையும் கூட்டத்தில் போட்டுக் காட்டுங்கள். ஓட்டுநர் சுதாரிக்க ஒரு விநாடி, அதன் பிறகு காய்ந்த சாலையில் முழு பிரேக் என்று வைத்துக்கொள்வோம். 50 கி.மீ. வேகத்தில் வந்த வண்டி சுமார் 28 மீட்டரில் நிற்கும். 60-இல் வந்த வண்டி அதே இடத்தைத் தாண்டும்போது இன்னும் சுமார் 40 கி.மீ. வேகத்தில் இருக்கும். பத்து கி.மீ. வித்தியாசம் என்று நாம் சொல்வது, நடுவில் நிற்கும் பிள்ளைக்கு 40 கி.மீ. வித்தியாசம். இதை நான் வரைபடமாகவே எடுத்துக்கொண்டு போவேன். அதைப் பார்த்த பிறகு 'கொஞ்சம் வேகம்தானே' என்று பேசும் ஆட்கள் குறைந்துவிடுவார்கள்.

விழிப்புணர்வை அடியோடு நீக்கச் சொல்லவில்லை. புதுச் சட்டமும் கண்காணிப்பும் வரும்போது அதை மக்களிடம் சொல்லப் பிரச்சாரம் கட்டாயம் வேண்டும். தனியாக நடத்தினால் பலன் இல்லை. உரிமம் வாங்கிய ஓட்டுநர்களுக்கு நடத்தும் கூடுதல் வகுப்புகளை ஆராய்ந்த ஆய்வுத் தொகுப்புகளில் காயங்கள் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. ஓவியப் போட்டிக்குப் போகும் பணத்தை அதே பள்ளிக்கு முன்னால் நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திய குறுக்குப்பாதை அமைக்கக் கேளுங்கள். கல்வித் துறை மறுக்காது என்றே நினைக்கிறேன்.

இனி முதல் கேள்வி. 'பாதி' என்று எழுதிவிட்டுக் கீழே வேலைப் பட்டியலைப் போட்டால் இரண்டுக்கும் நடுவில் பாலமே இல்லை. அந்தப் பாலம் இடைநிலை அளவீடுகள்தான். எத்தனை பேர் ஹெல்மெட் அணிகிறார்கள், எத்தனை வண்டிகள் வரம்புக்குள் ஓடுகின்றன, போக்குவரத்தில் எத்தனை சதவீதம், பாதுகாப்புக்காகச் சாலைகளுக்கு ஐந்துக்குத் தரும் மதிப்பீட்டில் 3 நட்சத்திரமோ அதற்கு மேலோ பெற்ற சாலைகளில் ஓடுகிறது, அடிபட்டவரிடம் ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் போகிறது. இவற்றை ஆண்டுதோறும் அளக்கலாம். இறப்பு எண்ணிக்கை மாதிரி ஏறி இறங்கிக் குழப்பாது.

கணக்கு இப்படிப் போகும். இறப்பவர்களில் 40 சதவீதம் பைக்கில் போகிறவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பாதிப் பேர் ஹெல்மெட் அணிகிறார்கள்; 90 சதவீதம் ஆக்க நினைக்கிறீர்கள். ஹெல்மெட் இறப்பை 40 சதவீதம் அளவுக்குக் குறைக்கும் என்று எடுத்துக்கொண்டால், பைக் இறப்புகளில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். மொத்தத்தில் 8 சதவீதம். அடுத்து வேகம். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான ஆபத்து 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதையே திருப்பிப் போட்டால், சராசரி வேகத்தை 5 சதவீதம் இறக்கினாலே சுமார் 18 சதவீதம் குறையும். இரண்டையும் கூட்டக்கூடாது, மிச்சத்தைப் பெருக்க வேண்டும்: 0.92 × 0.82. கால் பங்கு வந்துவிட்டது. மீதிக் கால் பங்கு எந்தச் சாலைகளிலிருந்து, எந்த வண்டித் தரத்திலிருந்து வரும் என்று வரிவரியாக எழுதுங்கள். வரவில்லை என்றால் இலக்கைக் குறையுங்கள் அல்லது வேலையைக் கூட்டுங்கள். போக்குவரத்து ஆண்டுக்காண்டு வளரும் என்பதையும் அடிப்படைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றும் செய்யாவிட்டால் எண்ணிக்கை அதே இடத்தில் நிற்காது, ஏறும்.

இதைவிட முக்கியம் என்று நான் நினைப்பது: ஒவ்வொரு அளவீட்டுக்கும் எதிரே ஒரே ஒரு துறையின் பெயர், அந்தத் துறையில் ஒரு பதவியின் பெயர், ஒரு பணத்தொகை. 'சம்பந்தப்பட்ட துறைகள் இணைந்து' என்ற சொற்றொடரை வரைவில் தேடி, வரும் இடமெல்லாம் அடித்துவிடுங்கள். அப்படி எழுதிய வேலைக்கு யாரும் பதில் சொல்வதில்லை.

2004-இல் உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் சேர்ந்து வெளியிட்ட உலக அறிக்கையின் முதல் பரிந்துரையே, சாலைப் பாதுகாப்பை வழிநடத்த அரசுக்குள் ஒரு தலைமை அமைப்பை அடையாளம் காண வேண்டும் என்பதுதான். ஜப்பான் அதற்கும் முன்பே இந்த வழியில் போனது. 1970-இல் அங்கே 16,765 பேர் சாலையில் இறந்தார்கள். அதே ஆண்டு அடிப்படைச் சட்டம் ஒன்று வந்தது. பிரதமர் தலைமையில் ஒரு மத்திய மன்றம், ஐந்தாண்டுக்கு ஒரு திட்டம், ஆண்டுக்கு ஒரு முறை நாடாளுமன்றத்தில் அறிக்கை. நடைபாதை, சிக்னல், நடைமேம்பாலம் என்று வேகமாகக் கட்டினார்கள். 1979-இல் இறப்பு 8,466. பாதி! அதன் பிறகு மறுபடி ஏறி 1990-களின் தொடக்கத்தில் 11,000-ஐத் தாண்டியது. ஐந்தாண்டுத் திட்டங்கள் நிற்கவில்லை. இன்று 3,000-க்கும் கீழே. ஏறிய காலத்தில் திட்டத்தைக் கைவிடாமல் இருந்ததற்குச் சட்டம்தான் காரணம் என்பது என் கருத்து. ஆட்சி மாறினாலும் அறிக்கை வைத்தே ஆக வேண்டும்.

பதில்: அவசரப் பிரிவுச் செவிலியர்

உங்கள் இரண்டாவது கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் 'சாலை விபத்து இறப்பு' என்றால் என்ன என்று திட்டத்தில் வரையறுங்கள். விபத்து நடந்து 30 நாட்களுக்குள் இறப்பது என்பதுதான் இப்போது உலக அளவில் பொதுவாகப் பயன்படும் கணக்கு. பிரான்ஸ் 2004 இறுதி வரைக்கும் 6 நாள் என்று வைத்திருந்தது. மேலே ஐயா சொன்ன ஜப்பான் எண்கள் 24 மணிநேரக் கணக்கு. சம்பவ இடத்திலேயே பதிவை முடித்துவிடும் நாடுகளும் உண்டு. தலைக்காயத்தோடு வந்து இரண்டு வாரம் வென்டிலேட்டரில் இருந்து இறப்பவரைக் காவல் துறைப் பதிவில் 'காயம்' என்றே விட்டுவிட்டால் அவர் எந்த வருடக் கணக்கிலும் வரமாட்டார். உங்கள் இரண்டு எண்களும் பொருந்தாததற்கு இது ஒரு பெரிய காரணமாக இருக்கும்.

எது சரி என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள், இணையுங்கள். காவல் பதிவு, மருத்துவமனைப் பதிவு, இறப்புப் பதிவு மூன்றையும் ஆள்வாரியாகப் பொருத்திப் பார்த்தால் மூன்றிலும் விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்றுகூட மதிப்பிட முடியும். உங்களுக்கு அந்த முறை என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். எந்த இடத்தில், எப்படி மோதியது என்பது காவலரிடம்தான் இருக்கும். என்ன காயம், பிறகு என்ன ஆனது என்பது எங்களிடம் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பதிவு மேம்பட்டால் எண்ணிக்கை கூடும். திட்டம் தொடங்கிய இரண்டாம் ஆண்டிலேயே 'இறப்பு அதிகரித்துவிட்டது' என்று செய்தி வரும், பயந்துபோய்ப் பதிவைக் குறைக்கச் சொல்வார்கள். அதனால் பதிவு முறையை முதலில் சரிசெய்து, அதற்குப் பிறகு கிடைக்கும் எண்ணை அடிப்படை ஆண்டாக வையுங்கள். அது வரைக்கும் மதிப்பீட்டோடு போகலாம்.

பலத்த காயங்களையும் இலக்கில் சேர்க்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். காலை இழந்தவர்கள், முதுகுத்தண்டு முறிந்தவர்கள், பேச்சு திரும்பாதவர்கள் எல்லாம் 'உயிர் தப்பினார்' என்று ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் பலத்த காயத்தை காயத்தின் கடுமையை 1 முதல் 6 வரை மதிப்பிடும் மருத்துவ அளவுகோலில் 3 அல்லது அதற்கு மேல் என்று வரையறுத்துக் கணக்கெடுக்கிறது. மருத்துவப் பதிவிலிருந்தே எடுக்கலாம், காவலர் தீர்மானிக்க வேண்டியதில்லை.

அப்புறம், விபத்துக்குப் பிந்தைய கவனிப்பு என்று உங்கள் வரைவில் ஒரு பத்தியாவது இருக்கிறதா? உதவிக்கு வருபவரை வழக்கில் இழுக்காத சட்டப் பாதுகாப்பு, நாடு முழுக்க ஒரே அவசர எண், எந்தக் காயத்தை எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவது என்ற ஒழுங்கு. கட்டு போடவே வசதியில்லாத இடத்துக்கு முதலில் போய், அங்கிருந்து இன்னொரு இடம், பிறகு மூன்றாவது இடம் என்று அலைந்து வருகிறவர்களை நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

பதில்: நெடுந்தூர ஓட்டுநர்

எல்லோரும் ஸ்வீடன், ஜப்பான் என்கிறீர்கள். பணமுள்ள நாடுகள் அவை. வசதி குறைந்த நாட்டில் சாலை போடவே காசு போதாது. அங்கே விபத்துக்குக் காரணம் ஓட்டுகிறவர்களின் ஒழுங்கீனம்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். எதிர்த்திசையில் வருகிறார்கள், குடித்துவிட்டு வருகிறார்கள். கடுமையான தண்டனை இல்லாமல் எந்தத் திட்டமும் எடுபடாது.

பதில்: சாலைத் தணிக்கையாளர்

நீங்கள் தினமும் சாலையில் பார்ப்பதைச் சொல்கிறீர்கள், அதை மறுக்கவில்லை. குடித்து ஓட்டுவதற்கும் வேகத்துக்கும் கண்காணிப்பு இல்லாமல் முடியாது. ஆனால் தண்டனையின் கடுமையைவிட மாட்டிக்கொள்வோம் என்ற உறுதிதான் வேலை செய்கிறது. ஆஸ்திரேலியாவின் மாநிலங்கள் எந்த ஓட்டுநரையும் நிறுத்தி மூச்சுச் சோதனை செய்யும் முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்ததன் பலமே அதுதான். எப்போதாவது ஒருவர் மேல் விழும் பெரிய அபராதத்தைவிட, எந்த நாளும் எந்தத் தெருவிலும் சோதனை இருக்கலாம் என்ற நினைப்பு அதிகம் காக்கும்.

எதிர்த்திசையில் வருவதைப் பற்றி. அப்படி வரும் இடங்களுக்கு நான் போய் நின்றிருக்கிறேன். நடுத்தடுப்பு போட்டு அகலப்படுத்திய சாலையில் திரும்பும் இடம் வெகுதூரத்தில் இருக்கும், பக்கச்சாலை இருக்காது. பள்ளியும் குடியிருப்பும் எதிரெதிர்ப் பக்கம் இருக்கும், கடக்க வழி இருக்காது. அந்த ஊர்க்காரர் தினமும் என்ன செய்வார் என்று வடிவமைத்தவர் யோசிக்கவில்லை. அவரைத் தண்டித்துவிட்டு வடிவமைப்பை அப்படியே விட்டால் நாளைக்கு வேறொருவர் அதே இடத்தில் வருவார். சாலை கட்டும் முன்பே சுதந்திரமான பாதுகாப்புத் தணிக்கை கட்டாயம், தணிக்கையில் சொன்னதை ஏற்கவில்லை என்றால் ஏன் என்று பொறியாளர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இதற்கு ஆகும் செலவு சாலைச் செலவில் மிகச் சிறு பகுதி.

பணத்தைப் பற்றியும் சொல்கிறேன். உலகச் சாலை இறப்புகளில் 92 சதவீதம் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில்தான் நடக்கிறது. உலக வண்டிகளில் அந்த நாடுகளிடம் இருப்பது சுமார் 60 சதவீதம். ஆக, இது பணக்கார நாடுகளின் கவலை அல்ல. ஸ்வீடன்கூட இரட்டைச் சாலை கட்டப் பணமில்லாத இடங்களில்தான் 1990-களின் இறுதியில் '2+1' சாலைக்குப் போனது. இருக்கிற அகலத்திலேயே மூன்று வழித்தடம், நடுவில் கம்பித் தடுப்பு, முந்தும் தடம் மாறி மாறி இரு பக்கமும். நேருக்கு நேர் மோதல் கிட்டத்தட்ட ஒழிந்தது.

வியட்நாமைப் பாருங்கள். 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலைகளிலும் ஹெல்மெட் கட்டாயம் என்று சட்டம் வந்தது. கண்காணிக்கப்பட்ட பகுதிகளில் சுமார் 40 சதவீதமாக இருந்த பழக்கம் உடனே 90-ஐத் தாண்டியது. ஓட்டையும் இருந்தது: குழந்தைகளுக்கு அபராதம் விதிக்கும் வழி முதலில் இல்லை, அவர்கள் ஹெல்மெட் இல்லாமலே போனார்கள். தரமற்ற ஹெல்மெட்டும் சந்தையில் நிறைந்தது. சட்டம், கண்காணிப்பு, பொருளின் தரம் மூன்றும் ஒரே அத்தியாயத்தில், ஒரே பொறுப்பாளரிடம் இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுதான் காரணம்.

தொடர் கேள்வி: வரைவுக்குழு உறுப்பினர்

மிக்க நன்றி, மூவருக்கும். ஐயா சொன்னபடி சாத்தியக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வேகத்தைத் தொடாமல் எந்த வழியிலும் பாதியை எட்ட முடியவில்லை. ஹெல்மெட், சீட் பெல்ட், சாலைத் திருத்தம் எல்லாவற்றையும் நல்ல விதமாகவே எடுத்துக்கொண்டும் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் நின்றுவிடுகிறது. ஆனால் குழுவில் 'வேக வரம்பைக் குறைத்தால் மக்கள் கொதிப்பார்கள், கேமரா வைத்தால் வசூல் என்பார்கள்' என்ற பயம் இருக்கிறது. வரைவில் இதை எப்படி வைப்பது?

பதில்: சாலைத் தணிக்கையாளர்

பயம் நியாயமானதுதான். நியூசிலாந்தில் 2020-இல் தொடங்கிய 'ரோட் டு ஜீரோ' திட்டத்தில் குறைத்த வேக வரம்புகளில் பலவற்றை அடுத்து வந்த அரசு திருப்பியது. வேகத்தைப் பற்றி மக்களிடம் பேசி முடிக்காமல் வரம்பு பலகையை மட்டும் மாற்றினால் இந்த ஆபத்து எங்கேயும் உண்டு.

பிரான்ஸ் வேறு வரிசையில் போனது. 2002-இல் குடியரசுத் தலைவர் சிராக்கே சாலைப் பாதுகாப்பைத் தன் ஆட்சிக்காலத்தின் மூன்று பெரும் பணிகளில் ஒன்றாக அறிவித்தார். 2003 இறுதியில் தானியங்கி வேகக் கேமராக்கள் வந்தன. முதல் கட்டத்தில் புது வரம்பு வேண்டியிருக்கவில்லை, இருந்த வரம்பை மதிக்க வைத்தார்கள். 30 நாள் கணக்கில் 2001-இல் 8,000-க்கு மேல் இருந்த இறப்பு 2006-இல் 5,000-க்குக் கீழே வந்தது. வரைவிலும் அதே வரிசையை வையுங்கள்: முதலில் இருக்கும் வரம்புக்குள் ஓடும் வண்டிகளின் சதவீதத்தை உயர்த்துவது, பிறகு பள்ளி, சந்தை, குடியிருப்பு உள்ள தெருக்களில் 30, கடைசியாகத்தான் பெரிய சாலைகளின் வரம்பு. தெருவில் 30 என்பதைக் கேட்கப் பெற்றோரே முன்வருவார்கள். எதிர்ப்பு பெரும்பாலும் நெடுஞ்சாலை வரம்புக்குத்தான் வரும்.

வசூல் என்ற பேச்சுக்கு ஒரே பதில், கேமரா பணம் எங்கே போகிறது என்பதைச் சட்டத்திலேயே எழுதுவது. முழுத் தொகையும் விபத்து அதிகமுள்ள இடங்களைத் திருத்தவும் நடைபாதைக்கும் மட்டும் என்று தனிக் கணக்கு வையுங்கள், ஆண்டுக்கு ஒரு முறை இடம் வாரியாக வெளியிடுங்கள். கேமரா வைத்த இடத்தில் அதற்கு முன் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதையும் அதே பக்கத்தில் போடுங்கள். கேமராவை நடத்தும் நிறுவனத்துக்கு அபராதத்தில் பங்கு தரும் ஒப்பந்தத்தை மட்டும் எக்காரணத்துக்கும் ஏற்காதீர்கள். அந்த நாளோடு திட்டத்தின் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும்.

முதல் ஆண்டில் செய்ய வேண்டியது வேக அளவெடுப்பு. சாலை வகைக்கு ஏற்ப நாடு முழுக்க இடங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள், ஆண்டுதோறும் அதே மாதம், அதே இடம். நெரிசல் இல்லாமல் வண்டிகள் தாராளமாக ஓடும் நேரத்தில், ஓட்டுநர் கண்ணில் படாத கருவியால் அளக்க வேண்டும். ஹெல்மெட், சீட் பெல்ட் எண்ணிக்கையையும் அதே பயணத்தில் எடுக்கலாம், பின்னிருக்கைக்காரரைத் தனியாக எழுதுங்கள். இடங்களின் பட்டியல் கண்காணிப்புப் பணியில் இருப்பவர்களுக்குப் போகக் கூடாது, அளக்கும் குழு காவல் துறையின் கீழும் இருக்கக் கூடாது. இது இரண்டையும் வரைவின் பின்னிணைப்பில் இல்லாமல் முக்கிய உரையிலேயே எழுதிவிடுங்கள். உங்கள் கணக்குத் தாளையும் இங்கே பகிர முடிந்தால் பகிருங்கள், சாலைத் திருத்தத்துக்கு நீங்கள் எடுத்துக்கொண்ட சதவீதங்களைப் பார்த்துச் சொல்கிறேன்.